பூஜ்யம் வாங்கிய பேர்

என் அக்கா பேர் ஞாழல். இன்னொரு தடவை சொல்கிறேன், ஞாழல். பதினாலு வருஷமாக இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஹோட்டலுக்கே வாய் வரவில்லை. அதனால் நானாவது சத்தமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

என் பேர் உங்களுக்கு வேண்டாம். உங்கள் தெருவிலேயே அந்தப் பேரில் நாலு பேர் இருப்பார்கள். என் வகுப்பில் மட்டும் ஐந்து பேர் இருந்தோம். டீச்சர் எங்களுக்கு நம்பர் போட்டுவிட்டார். நான் மூணு. "மூணு, எந்திரி. மூணு, வாயை மூடு." பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் நான் மூணுதான். மூன்று வகுப்பு தள்ளி அக்கா முழுப் பேரோடு, ஒரே ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயிறு எரியாதா?

அப்பாவுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. வீடு வீடாகப் போய், மூடியைத் தூக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். அவர் பொறுப்பில் ஆயிரத்து நானூறு வீடு. எந்த வாசலில் நின்றாலும் உள்ளே யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். அம்மா முதல் தடவை முழுகாமல் இருந்தபோது, அப்பா மீட்டர் நோட்டின் பின்பக்கத்தில் அந்தப் பேர்களை எழுத ஆரம்பித்தார். ஒரு பேர் காதில் விழும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்கு நேரே ஒரு கோடு. கோடுகளைப் பார்க்கப் பார்க்க மனுஷனுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. தன் பெண்ணைக் கூப்பிட்டால் தெருவில் வேறு எவளும் திரும்பக் கூடாது!

பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்றை வாங்கிப் புரட்டினார். 'ஞ' வரும் இடத்தில் நின்றார். "அந்தப் பக்கத்துக்கு யாருமே போறதில்ல. அங்க ஒரு பேரு தனியா உக்காந்திருந்துச்சு. கூட்டிட்டு வந்துட்டேன்" என்பார். கடலோரத்து மரம் ஒன்றின் பேர் அது. கடுகு மாதிரி பொடிப்பொடியாகப் பூக்குமாம். அப்பா அந்த மரத்தைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. நோட்டில் ஞாழல் என்று எழுதி, கோடு போடுகிற இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். ஆயிரத்து நானூறு வீட்டிலும் ஒருத்திகூட இல்லை.

நான் பிறந்தபோது அம்மா முந்திக்கொண்டாள். "இந்தத் தடவையாவது வாயில நுழையுற பேரா வைப்போம்." என் பேருக்கு நேரே அறுபத்தொரு கோடு. என்னையும் சேர்த்தால் அறுபத்திரண்டு.

எட்டு வயதில் அக்காவிடம் பேரம் பேசினேன். "பேரை மாத்திக்கலாமா? என் புதுப் பென்சில் பாக்ஸும் தர்றேன்." "போடி" என்றாள். அக்காவுக்குப் பேச்சு கம்மி. அந்தப் "போடி"யே அவளுக்கு ஒரு சொற்பொழிவு.

அப்படிப்பட்டவள், மாமாவுக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, வேலை போனதும் முப்பது வயதில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் அந்த மேனேஜரம்மா அலமாரியிலிருந்து பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்தாளாம். உள்ளே வேலையை விட்டுப் போனவர்களின் பேர் பொறித்த பேட்ஜுகள். "உன் பேரைச் சொன்னா கெஸ்டுக்கு நாக்கு சுளுக்கிக்கும். புதுசா அடிச்சு வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் இதைக் குத்திக்க."

அந்த ஒரு வாரம் பதினாலு வருஷம் ஓடியது. அங்கே அதுதான் வழக்கமாம். ஆள் போனால் பேட்ஜை மட்டும் கழற்றி வாங்கி டப்பாவில் போட்டுவிடுவார்கள், அடுத்து வருகிறவளுக்கு ஆகும் என்று. எவளோ ஒருத்தியின் பேரைக் குத்திக்கொண்டு இவள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேக்க மாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். "பேருக்கா சம்பளம் தர்றாங்க?" என்றாள். கல்லுளிமங்கி. அந்தப் பேட்ஜில் இருந்த பேரை நான் இன்றுவரை என் வாயால் சொன்னதில்லை. இங்கேயும் சொல்ல மாட்டேன்.

ஒரு நாளைக்குப் பதினாலு அறை. விரிப்பு மாற்றி, குளியலறைத் தரையில் மண்டி போட்டுத் தேய்த்து, கண்ணாடி துடைத்து வர வேண்டும். யாராவது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்திருந்தால் அக்கா அதை மூட மாட்டாள். விட்ட பக்கத்தில் ஒரு தாளைச் செருகி, திறந்தபடியே நிமிர்த்தி வைப்பாள். மூக்குக்கண்ணாடி கிடந்தால் துடைத்து அதன் மேல் வைப்பாள். தங்கிப் போனவர்கள் அதையெல்லாம் மெச்சிக் கடிதம் எழுதுவார்கள். பேட்ஜில் பார்த்த பேரைத்தானே எழுதுவார்கள்? வந்த கடிதத்தை ஒரு நாள் பலகையில் ஒட்டி வைத்துவிட்டு, பிறகு எடுத்து ஃபைலில் போட்டுவிடுவார்கள்.

போன வருஷம் அக்காவின் முட்டி போய்விட்டது. இனி மண்டி போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வாரம் ஒரு களிம்பு கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. கையில் தாளோடு அறை அறையாகப் போய்ச் சரிபார்க்கிற வேலை, மண்டியே போட வேண்டாம். பத்து வருஷ சர்வீஸும் இருபது பாராட்டுக் கடிதமும் இருந்தால் போதும். அக்காவுக்கு அது கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம்கூட அவளால் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது.

அவள் வாய் திறக்க மாட்டாள் என்று தெரிந்துதான் நானும் லீவு போட்டுக்கொண்டு அவளோடு ஹோட்டல் ஆபீசரைப் பார்க்கப் போனேன். அவர் ஞாழல் என்று எழுதியிருந்த ஃபைலைத் திறந்தார். சம்பளத்தாள், லீவுச்சீட்டு. கடிதம் ஒன்றுகூட இல்லை.

"எல்லாம் பேட்ஜ் பேர்ல வந்திருக்கும், சார்" என்றாள் அக்கா. அவர் இன்னொரு ஃபைலை எடுத்து எண்ணினார். நாற்பத்தேழு.

"ஆனா இது வேற ஊழியரோட ஃபைலும்மா. அவங்க வேலையை விட்டே பதினாலு வருஷம் ஆச்சே."

எனக்கு உச்சிமண்டை கொதித்தது. "பதினாலு வருஷம் முன்னாடி போனவ போன மாசம் எப்படி சார் ரூம் பெருக்கினா? ஆவியா வந்தாளா?"

"நீங்க யாரு?"

"தங்கச்சி."

"வெளிய உக்காருங்க."

நான் உட்காரவில்லை. அவரும் விட்டுவிட்டார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து, அக்காவுக்குப் பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு நீட்டினார். "ஒரு வழி இருக்கும்மா. உங்க பேரை முறைப்படி இந்தப் பேட்ஜ் பேருக்கு மாத்திக்குங்க. ரெண்டு ஃபைலையும் ஒண்ணாச் சேத்துடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா போதும், வேலை உங்களுக்குத்தான்."

அடப்பாவி! தப்பு டப்பாவில் இருக்கிறது, திருத்தம் மட்டும் என் அக்கா தலையிலா?

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் ஃபாரத்தை விரித்து வைத்து, பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், அப்பாவின் மீட்டர் நோட்டைக் கொண்டுவந்து முன்னால் போட்டேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருந்தாள். "முட்டி வலிக்குதுடி" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? வலி அவளுடையது.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்காதே. "சரி, போடு கையெழுத்து. அந்தப் பேரு உனக்கு வேண்டாம்னா எனக்குக் குடு. நாளைக்கே நானும் ஒரு ஃபாரம் வாங்கி மாத்திக்கறேன். அறுபத்திரண்டுல ஒருத்தியா இருந்து எனக்கும் சலிச்சுப்போச்சு."

அக்கா நிமிர்ந்தாள். நாற்பத்து நாலு வயதில் அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"அது என் பேரு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா அந்த ஃபாரத்தை நாலாகக் கிழித்தாள். கிழித்துவிட்டு, கிழித்த துண்டுகளைத் தானே பெருக்கி அள்ளினாள், பழக்கதோஷம்.

மறுநாள் பேட்ஜைக் கழற்றி ஆபீசர் மேஜையில் வைத்தாளாம். "என் பேர்ல ஒண்ணு அடிச்சுக் குடுங்க. வர்ற வரைக்கும் வெறுஞ்சட்டையோட வேலை பாக்கறேன்." சூப்பர்வைசர் வேலை வேறொருத்திக்குப் போனது. பேட்ஜ் வர நாலு மாதம் ஆனது. முட்டி இன்னும் குளியலறைத் தரையில்தான். நாற்பத்தேழு கடிதமும் இன்னும் அந்தப் போனவள் ஃபைலில்தான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் அந்த ஆபீசரைப் பிடித்து அவர் பேரை மாற்றிவிட வேண்டும் போல இருக்கிறது.

போன வாரம் களிம்போடு போனேன். அக்காவின் முகத்தில் ஒரு மாதிரி களை. ஞாழல் ஃபைலுக்கு முதல் கடிதம் வந்திருக்கிறதாம். அறை காலி செய்துகொண்டு போன ஒரு கர்ப்பிணிப் பெண் எழுதியது. பேட்ஜைப் பார்த்துவிட்டு அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாள். மரம், கடுகுப் பூ, மீட்டர் நோட்டு எல்லாவற்றையும் அக்கா சொல்லியிருக்கிறாள். என் அக்கா! கால் மணி நேரம்! 'பெண் குழந்தை பிறந்தால் உங்கள் பேரை வைத்துக்கொள்ளட்டுமா?' என்று அந்தக் கடிதத்தில் கேட்டிருந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"வெச்சுக்கம்மான்னு பதில் போட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "யாரோ முகம் தெரியாதவளுக்குத் தூக்கிக் குடுப்ப. எட்டு வயசுல பென்சில் பாக்ஸோட வந்து கேட்டேனே, எனக்குத் தந்தியா?"

அக்கா புடவையை முட்டிவரை தூக்கிக்கொண்டு காலை என் மடியில் நீட்டினாள்.

"அவ தன் கொழந்தைக்கும் வெச்சுக்கட்டுமான்னு கேட்டாடி. நீங்கல்லாம் மாத்திக்கன்னுதானே கேட்டீங்க?"

நீங்கல்லாம் என்றாள். டப்பாக்காரி, ஆபீசர், நான். களிம்பைத் திறந்து தேய்க்க ஆரம்பித்தேன்.