அட்டைக்கம்பும் இரண்டு இறால்களும்

கடலுக்கு ஏழாயிரம் அடி மேலே, கொடைக்கானலில், ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் அறைக்குள் ஒரு கடல் இருந்தது. நாலடி நீளம், இரண்டடி அகலம். நான் அதைப் பார்த்தது அங்கே படித்ததால் அல்ல. என் அம்மா அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், அதனால் பார்த்தேன். நான் படித்தது நகராட்சிப் பள்ளியில். அங்கே அறிவியல் என்பது கரும்பலகையில் அழிக்காமல் விட்டுவைத்த ஒரு தவளைதான்.

கண்ணாடித் தொட்டியில் அந்தக் கடலை உண்டாக்கியவர் அறிவியல் டீச்சரம்மா. கேரட் ஏற்றிக்கொண்டு கீழே போகும் லாரி திரும்பி வரும்போது, பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீர் வரும். தண்ணீர் சூடாக இருக்க ஒரு கம்பி, வெளிச்சத்துக்கு விளக்குகள், காற்றுக்கு ஒரு மோட்டார். எங்கள் வீட்டில் அப்போது கரண்டே கிடையாது. உள்ளே பாறைகள், பாறைகளில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ விரிக்கும் பவளங்கள், இரண்டு மீன்கள், இரண்டு இறால்கள். இறாலுக்கு விரல் நீள உடம்பு, முதுகில் சிவப்புக் கோடு, உடம்பைவிட நீளமான வெள்ளை மீசை.

முதல் நாளே அம்மா கேட்டாள்.

“எந்தக் கடல் தண்ணிங்க டீச்சரம்மா இது?”

“மண்டபத்துலேர்ந்து வருது.”

“மண்டபமுங்களா?” என்று இன்னொரு தரம் கேட்டாள். டீச்சரம்மா ஆமாம் என்றார். அம்மா குனிந்து பெருக்கத் தொடங்கிவிட்டாள்.

மண்டபம் எங்களுக்குத் தெரிந்த ஊர்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் எல்லோரையும் போல நாங்களும் முதலில் அங்கேதான் முகாமில் இருந்தோம். அப்போது எனக்கு இரண்டு வயது. எனக்கு நினைவில் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை. அப்பா கவுஞ்சிப் பக்கம் கேரட் காட்டில் கூலிக்குப் போய் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். பேச்சு என்று வீட்டில் கேட்டதெல்லாம் மாமா பேசுவதுதான். மாமா அம்மாவின் தம்பி. அதே அறிவியல் அறையில் அட்டெண்டர். பூட்டுச் சாவி அவரிடம் இருந்ததால் தன்னைப் பாதி டீச்சர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்ணீரில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது டீச்சரம்மாவின் கண்டிப்பான சட்டம். அம்மாவுக்கு மட்டும் விலக்கு. எப்படி அது கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. நாலு மணிக்குப் பெருக்கி முடித்ததும் அம்மா வெறும் தண்ணீரில் கையை மூன்று முறை அலம்புவாள். அப்புறம் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் கையை மெதுவாக இறக்குவாள். பாறைக்குப் பின்னாலிருந்து இறால்கள் மீசையை ஆட்டிக்கொண்டு வரும். முதலில் ஒன்று விரலில் ஏறும், அப்புறம் மற்றது. குளிரிலும் மண்ணிலும் வெடித்துப்போன அம்மாவின் விரலிடுக்குகளைக் குட்டிக் கால்களால் நோண்டி நோண்டிச் சுத்தம் செய்யும். மீன்களுக்கு அழுக்கு எடுப்பதுதான் அவற்றின் பிழைப்பு என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். அம்மா அசையாமல் நிற்பாள். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். வெற்றிலை புகையிலை இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாதவள், வேலை நாட்களில் அந்தக் கை தண்ணீரிலிருந்து வெளியே வரும்வரை சுருக்குப் பையைத் தொடவே மாட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இறால்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

எனக்கு ஒன்பது வயது நடந்த ஐப்பசியில், டீச்சரம்மா மதுரைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, மாமா கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று முழங்கையால் ஒரு பாறையைத் தட்டிவிட்டார். பவளம் ஒட்டியிருந்த ஒரு கொத்து பிய்ந்து மணலில் விழுந்தது. மாமா வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்ட அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“இனிமே யாரையும் அந்த ரூம்புக்குள்ள வுடமாட்டாங்கடா தம்பி” என்றாள். மாமாவின் வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நீ சும்மா இரு அக்கா. நாளைக்கு நான் ஒட்டிர்றேன். திங்கக்கெழம வந்து பாத்தா டீச்சருக்கே தெரியாது” என்றார் மாமா.

மறுநாள் மத்தியானம் நானும் மாமாவும் போனோம். அம்மா வரவில்லை. நாங்கள் இருந்தது வட்டக்கானலில். மழைக் காலத்தில் சோலை வழியாக நடந்தால் அட்டை காலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கையில் அட்டைக்கம்பு இல்லாமல் யாரும் இறங்க மாட்டோம். கம்பின் நுனியில் புகையிலைத் தூள், சுண்ணாம்பு, உப்பு மூன்றையும் துணியில் முடிந்து கட்டியிருக்கும். அதை நனைத்து ஒற்றினால் அட்டை சுருண்டு விழும். தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்திலிருந்து எங்கள் ஆட்களிடம் இருந்த வைத்தியம். அன்றைக்கு நான் கொண்டுபோனது அம்மாவின் கம்பு. அறை வாசலில் சாத்தி வைத்தேன்.

ஒழுகுகிற குழாயை அடைக்கும் பசையை மாமா வாங்கி வந்திருந்தார். கறுப்பு உருண்டை ஒன்று, வெள்ளை உருண்டை ஒன்று. இரண்டையும் கொழுக்கட்டை மாவு போலப் பிசைந்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகிவிடும். மாமா பாறையில் பசையை அப்பிப் பவளக் கொத்தை அதன்மேல் அமுக்கினார். உடனே வந்துவிட்டன இரண்டு இறால்களும். புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்த சொந்தக்காரர்களைப் போல ஒவ்வொரு மூலையையும் தொட்டுப் பார்த்தன. ஒன்று பசையைக் கிள்ளி இழுத்தது. மாமா அதைத் தள்ளக் கையை எடுத்தார், பவளம் விழுந்தது. மறுபடி ஒட்டினார். இந்த முறை மற்றது அவர் நகக்கண்ணை நோண்டியது. கூச்சம் தாங்காமல் அவர் சிரிக்க, மறுபடி விழுந்தது.

“ஏய் புள்ள, அதுகள அந்தாண்ட வெரட்டு” என்றார்.

ஈர்க்குச்சியால் விரட்டினேன். குச்சியின் மேலேயே ஏறிக்கொண்டன. மூன்றாவது முறையும் விழுந்தபோது ஒன்றின் கால் பசையில் மாட்டிக்கொண்டது. மாமா எடுத்துவிட்டார். கால் பாதி போய்விட்டது. பிசைந்து வைத்த பசை இறுகத் தொடங்கியிருந்தது. மிச்சம் ஒரு ஒட்டுக்குத்தான் இருந்தது. மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவின் வெளுத்த முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் வாசலில் சாத்தியிருந்த கம்பு என் கண்ணில் பட்டது.

“மாமா, அட்டத்துணிய காட்டுனா?”

“அட, எனக்குத் தோணலயே! வெரசா கொண்டா. கடல்ல இல்லாத உப்பா?” என்றார். உப்பைப் பற்றி அவர் சொன்னது சரிதான். புகையிலையைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

துணியைத் தொட்டிக்குள் விட்டேன். காப்பி நிறத்தில் ஒரு கோடு இறங்கியது. இறால்கள் வாலை மடக்கிப் பின்னால் துள்ளிப் பாறை இடுக்குக்குள் போய்விட்டன. திரும்பி வரவே இல்லை. பசை இறுகும்வரை துணியை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன். பவளம் அசையாமல் நின்றது. மாமா என் முதுகில் தட்டினார். வீட்டுக்கு வந்து, “ஒட்டியாச்சு” என்று மட்டும் சொன்னோம். அம்மா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை வெள்ளனே அம்மாவோடு நானும் போனேன், என் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காக. பவளம் பூ விரிக்காமல் மூடியிருந்தது. மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. இறால்கள் இரண்டும் மணலில் பக்கவாட்டில் கிடந்தன, வேகவைத்தது போல உடம்பு வெளுத்து. அம்மா தொட்டியின் மேல் குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கம்பைப் பார்த்தாள், துணியைத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “பேசாத” என்றாள். கோபம் இல்லாத குரல் அது. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

எட்டு மணிக்கு டீச்சரம்மா வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள்.

“நாந்தாங்க டீச்சரம்மா. பொகலக் கையோட உள்ள வுட்டுட்டேன்.”

டீச்சரம்மா திட்டவில்லை.

“அத ஒண்ணுதானே உங்ககிட்ட சொல்லிருந்தேன்” என்றார். பிறகு, “நாளையிலேர்ந்து சாப்பாட்டு ஹாலப் பாத்துக்கோங்க. இந்த ரூமுக்கு வேண்டாம்.”

“சரிங்க. அந்த ரெண்டையும் நான் எடுத்துக்கட்டுங்களா?”

டீச்சரம்மா தலையாட்டினார்.

அம்மா கையை அலம்பாமலேயே தண்ணீருக்குள் விட்டாள். இரண்டையும் எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால், மேராக்காய்ப் பந்தலுக்கு அடியில், களைக்கொத்தியை எடுக்காமல் கையாலேயே குழி தோண்டினாள். இறாலைக் குழம்பு வைக்கத்தான் எடுத்து வருகிறாள் என்று நினைத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டையும் சேர்த்துக் கிடத்தி மூன்று பிடி மண் போட்டாள்.

“நீயும் போடு” என்றாள்.

அன்றைக்கு எனக்கு இருந்த ஆறுதல், அடி விழவில்லை என்பதுதான். சாப்பாட்டு ஹாலில் மிஞ்சிய ரொட்டியும் ஜாமும் வீட்டுக்கு வரத் தொடங்கியதும், எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்தது என்றே நினைத்தேன். அம்மா அந்தத் தொட்டிப் பக்கம் அப்புறம் போகவே இல்லை. நாலு மணிக்கு முன்பே வெற்றிலை போட ஆரம்பித்தாள்.

அம்மாவின் அஸ்தியைக் கரைக்க நானும் மாமாவும் ராமேஸ்வரம் போனது பல வருடங்கள் கழித்து. ரயில் மண்டபத்தில் நின்றது. மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

“அந்தப் பக்கந்தான் கேம்ப்பு. ஒனக்கு அடுத்து ஒரு தம்பி பொறந்தான் இங்க. பதினோரு நாளு. ஒங்கப்பனும் நானுந்தான் கடலோரமா மண்ணத் தோண்டி வச்சோம். அக்கா பின்னாலயே ஓடியாந்துச்சு. பொம்பளைங்க வரப்படாதுன்னு பெரியவங்க புடிச்சு நிறுத்திட்டாங்க. ஒரு பிடி மண்ணு போடணும்னு கெஞ்சுச்சு, வுடல. வச்ச எடமும் அதுக்குத் தெரியாது.”

ரயில் கிளம்பியது. மடியில் அம்மா இருந்த மண் கலயம் சரியாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். மேராக்காய்ப் பந்தலுக்கு அடியில் அன்றைக்கு நானும் மூன்று பிடி போட்டிருந்தேன், சிரித்துக்கொண்டே.