பதினோரு கிலோமீட்டர்

போலீஸ் வண்டிகள் நிற்கிற கொட்டகையில் அந்த டிரைவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மீட்டர்’ என்றால்தான் திரும்புவார். இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். கிளம்பும்போது ஒரு கணக்கு, வந்து நிறுத்தும்போது ஒரு கணக்கு, எத்தனை கிலோமீட்டர் என்று சாவியை உருவும் முன்பே வண்டிப் புத்தகத்தில் எழுதிவிடுவார். மற்ற டிரைவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து, ஒருவன் சொல்ல ஒருவன் எழுத, சிரித்துக்கொண்டே ஏழு நாளை நிரப்புவார்கள். மீட்டரின் புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

ஒரு தடவை மேலதிகாரி வீட்டம்மாவைத் துணிக்கடைக்கு ஏற்றிப் போனார். திரும்பி வந்ததும் ‘அம்மா, துணிக்கடை, போக வர ஒன்பது’ என்று அப்படியே எழுதிவைத்தார். அந்த மாசமே அவரைக் கொஞ்ச காலம் கழிவுப்பொருள் ஏற்றும் லாரிக்கு மாற்றினார்கள். கொட்டகையில் ஒரு மாசம் சிரிப்பு. “யோவ் மீட்டர், கோணிப்பை எத்தனைன்னும் எழுதுவியா?” என்று கேட்டார்கள். “ஏத்துனா எழுதுவேன்” என்றார்.

அவருக்கு வாய்த்தவள் வீட்டுக்கு மூத்தவள். அவளுக்கு நேர் இளையவள் ஒருத்தி. இளையவளைக் கட்டினவர் கப்பலில் வேலைக்குப் போய் வருஷத்தில் பத்து மாசம் கடலில் கிடப்பவர். அதனால் அவள் பிள்ளை, வீட்டில் சின்னவன் என்று கூப்பிடுகிற பையன், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை மீட்டர் வீட்டில்தான் வளர்ந்தான். மீட்டருக்குப் பெண் பிள்ளைகள் இரண்டு. ஆண் வாரிசு இல்லாத குறையை அவன் தீர்த்தான் என்றே சொல்ல வேண்டும். சைக்கிள் பழக்கியதும் அவர்தான், பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பழக்கியதும் அவர்தான். “பெரியப்பா, பெரியப்பா” என்று காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தவன் படித்து, பரீட்சை எழுதி, சப்-இன்ஸ்பெக்டராகவே வந்து சேர்ந்தான். விதி பாருங்கள், இவர் வண்டி ஓட்டுகிற அதே நிலையத்துக்கு.

முதல் நாள் மீட்டர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பையனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. தனியாக வந்து, “பெரியப்பா, நீங்க எனக்கு அடிக்கக் கூடாது” என்றான்.

“தோள்ல இருக்கிற ஸ்டாருக்கு அடிக்கிறேன்டா. உனக்கு வீட்டுக்கு வா, தலையில ஒன்னு தர்றேன்” என்றார். அன்றைக்கு வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நிலையத்தில் எல்லா அறைகளிலும் கேமரா மாட்டினார்கள். அதற்குப் பிறகு, கைதானவனை அடிக்கிற வேலை மெல்ல வண்டிக்கு இடம் மாறியது. வண்டியில் கேமரா இல்லை. யாரும் வாய்விட்டு இப்படிச் செய்யலாம் என்று சொல்லவில்லை. “நேரா நிலையத்துக்கு வேணாம், ஒரு சுத்து சுத்திட்டு வாங்க” என்பார்கள். டிரைவர்களுக்கு அது போதும். டிரைவர்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விசாரணையில் கேட்டாலும் ஒரே பதில்: “என் கண்ணு ரோட்டு மேல இருந்ததுங்க.” மீட்டரும் இரண்டு மூன்று தடவை அப்படிச் சொன்னவர்தான்.

அன்று பிற்பகல் கடைத்தெரு முனையில் சாவி வெட்டுகிறவனை ஏற்றினார்கள். ஒரு பெரிய வீட்டில் பூட்டு உடையாமலே திருட்டுப் போயிருந்தது. அந்த வீட்டுச் சாவிக்கு நகல் வெட்டியது இவன்தான் என்று யாரோ சொன்னார்கள். வெட்டியது உண்மைதான். யார் கொண்டுவந்து கொடுத்தது என்று அவனுக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது சாவி வெட்டுகிறவன், எந்த முகத்தை நினைவில் வைப்பான்?

பின்னால் சின்னவனும் ஒரு கான்ஸ்டபிளும், நடுவில் சாவிக்காரன். “பெரியப்…” என்று ஆரம்பித்து, “டிரைவர், புறவழிச் சாலைப் பக்கம் ஒரு சுத்து” என்றான் சின்னவன். மீட்டர் வண்டியைத் திருப்பினார். கேள்வி கேட்பது காதில் விழுந்தது. அப்புறம், “எந்தக் கையில வெட்டுவே?” என்று கேட்டது விழுந்தது. அப்புறம் விழுந்தது கேள்வி அல்ல.

முன்னால் தொங்குகிற கண்ணாடியில் சாவிக்காரன் முகம் தெரிந்தது. அவனும் அதே கண்ணாடியில் இவரைப் பார்த்தான். ஒரு கணம்தான். மீட்டர் கையை உயர்த்திக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் தள்ளிவிட்டார். அப்புறம் அதில் துணிக்கூரைதான் தெரிந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து, பதமாக ஓட்டினார்.

நிலையத்துக்கு வந்து நிறுத்தியபோது சாவிக்காரனின் வலது கையில் மூன்று விரல்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மீட்டர் வண்டிப் புத்தகத்தை எடுத்து, கணக்கை எழுதினார். கடைத்தெரு முனையிலிருந்து நிலையம், பதினொன்று. கை பழக்கத்தில் எழுதியது. அங்கிருந்து நிலையம் மூன்று கிலோமீட்டர் என்பது ஊரில் யாருக்கும் தெரியும்.

நாலாம் நாள் திருடன் அகப்பட்டான். அந்தப் பெரிய வீட்டின் மாப்பிள்ளையேதான். சாவிக்காரனை விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் பெண்சாதி சும்மா இருக்கிறவள் இல்லை. கட்டுப்போட்ட கையோடு புருஷனை இழுத்துக்கொண்டு மேலிடத்துக்கு நடையாய் நடந்தாள். துறைக்குள் விசாரணைக்கு உத்தரவானது.

அன்று சாயங்காலம் கொழுந்தியாள் மீட்டர் வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே சின்னவன், சீருடை இல்லாமல், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்” என்றாள் அவள். “வண்டியோட பின் கதவை நீங்க சாத்துனீங்க, அவன் கை நடுவுல மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிரும்னு சொல்றாங்க. இவனுக்குன்னா வேலையே போயிரும்.”

“நீ என்னடா சொல்றே?” என்று சின்னவனைக் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தபடி, “ரெண்டு தட்டு தட்டலாம்னுதான் ஆரம்பிச்சேன் பெரியப்பா. அவன் தெரியாது தெரியாதுன்னு சொல்லச் சொல்ல, எனக்கு வெறி ஏறிப்போச்சு” என்றான்.

“அவனுக்கு நிஜமாவே தெரியாதுடா.”

“இப்ப தெரியுது.”

வீட்டுக்காரி புருஷனையும் பார்த்தாள், தங்கையையும் பார்த்தாள். கடைசியில், “அஞ்சு வருஷம் நம்ம தட்டுல சாப்பிட்ட புள்ளைங்க அவன்” என்றாள். மறுநாள் மீட்டர், நிலைய எழுத்தர் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் ‘பின் கதவை நான் கவனக்குறைவாகச் சாத்தினேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. மேலே மாடியில் ஒரு அறை, நீள மேஜை, மூலையில் தட்டச்சு செய்கிற ஆள். அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். குரலை உயர்த்தினால் மீட்டருக்குப் பழக்கம் உண்டு, தாங்கிக்கொண்டிருப்பார்.

“கதவைச் சாத்துனது நீங்கதானா?”

“ஆமாங்கம்மா.”

“கை நசுங்குனது கடைத்தெரு முனையிலேயே?”

“ஆமாங்கம்மா.”

“அப்ப நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே. வழியிலதானே இருக்கு.”

“தோணலைங்கம்மா.”

அம்மாள் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார். மீட்டருக்குத் தன் கையெழுத்து எங்கிருந்தாலும் தெரியும்.

“கடைத்தெரு முனையில இருந்து நிலையம், பதினொன்னுன்னு போட்டிருக்கீங்க. மூணுதானே?” என்றார் அம்மாள். கொஞ்சம் நிறுத்தினார். “ஒருவேளை மீட்டரைத் தப்பா பாத்துட்டீங்களா? வயசாச்சு, கண்ணு மங்கியிருக்கும். எல்லாருக்கும் வர்றதுதான். அப்படின்னா அப்படியே சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

வழி திறந்தே இருந்தது. ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். சின்னவன் பிழைத்தான், கொழுந்தியாள் பிழைத்தாள், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் மீட்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

“அம்மா, இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு கிலோமீட்டர் தப்பா எழுதினதில்லைங்க!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மூலையில் தட்டச்சு நின்றது. அம்மாள் புத்தகத்தை மூடவில்லை.

“நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்” என்றார். “அப்ப மீதி எட்டு கிலோமீட்டர் எங்க போனீங்க?”

மீட்டர் சொன்னார். புறவழிச் சாலையில் எங்கே திரும்பியது, எந்த இடத்தில் முதல் சத்தம் கேட்டது, எந்த இடத்தில் சத்தம் நின்றது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தண்ணீர் கேட்டார், குடித்தார், திரும்பவும் சொன்னார். சொல்லி முடித்ததும் அம்மாள் இன்னொரு தாளை எடுத்தார். “இது அந்தச் சாவிக்காரர் சொன்னது. ஒரு இடத்தை மட்டும் படிக்கிறேன்” என்று படித்தார்.

“வேகத்தடை வந்தப்பெல்லாம் டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். ஒவ்வொரு தடவையும் இந்த மனுஷன் நிறுத்தப் போறார்னு நினைச்சேன். ஆறு தடவை நினைச்சேன்.”

மீட்டர் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“கண்ணாடியைப் பத்தியும் சொல்லியிருக்கார். அதை மேலே தள்ளச் சொன்னது யார்?”

“யாரும் சொல்லலைங்கம்மா.”

“அப்ப?”

“நானாத்தான் தள்ளுனேன்.”

எழுதிக்கொள்ளும்படி அம்மாள் தட்டச்சுக்காரரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். படியில் இறங்கும்போது மீட்டருக்கு, அந்த அம்மாள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சின்னவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, வழக்கும் போட்டார்கள். பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டதற்காக மீட்டருக்குக் கண்டனக் கடிதம் வந்தது. அது அவருக்கு ஒரு வகையில் ஆறுதல். தாங்க முடியாதது வேறு. ‘உறவென்றும் பாராமல் உண்மையைச் சொன்ன ஓட்டுநர்’ என்று துறையின் மாதச் செய்தித்தாளில் நாலு வரி போட்டார்கள். கொட்டகையில் ஒருவன் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினான். கேலிக்கா, மெச்சியா என்று தெரியவில்லை. அதோடு எல்லா டிரைவர்களும் உஷாரானார்கள். இப்போது யார் புத்தகத்தைத் திறந்தாலும் வண்டி எத்தனை சுற்றினாலும் எந்த இடத்திலிருந்தும் நிலையத்துக்கு நேர்வழியில் எத்தனை தூரமோ அத்தனைதான், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அந்த அளவுக்கு அவரிடமிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள்.

கொழுந்தியாள் ஒரு தடவை வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“வளத்த கையாலேயே வெட்டிட்டீங்களே மாமா. அவன் என்ன உங்களைக் கேட்டான்? கண்ணு மங்கிப்போச்சுன்னு சொல்ல உங்களுக்கு அவ்வளவு கௌரவக் குறைச்சலா?”

யாரோ உள்ளிருந்து அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். மீட்டர் தலை நிமிரவில்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் அவரைப் பிடித்துத் தின்றது.

அவள் போன பிறகு வீட்டுக்காரி, “அவ கிடக்கறா. நீங்க நல்லதுதானே செஞ்சீங்க? மூணு விரல் போன மனுஷனுக்காகத்தானே சொன்னீங்க?” என்றாள். அவளுக்கும் தன் மனசைத் தேற்றிக்கொள்ள அது வேண்டியிருந்தது. மீட்டர் ‘ஆமாம்’ என்று சொல்லப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

கடைத்தெரு முனையில் சாவிக்கடை திறந்திருந்தது. பெட்டி அளவு கடை. பிடிக்கருவியில் சாவியை மாட்டி அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தவள் பெண்சாதி. சாவிக்காரன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் இடம் காட்டி, “இன்னும் ஒரு தேய். போதும், போதும்! பல்லு போயிரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று பேர் காத்திருந்தார்கள். மீட்டர் நாலாவதாக நின்றார். அவர் முறை வந்தபோது கையில் ஒரு சாவியும் இல்லை.

“என்ன சாவி?” என்றாள் அவள், நிமிராமல்.

சாவிக்காரன் நிமிர்ந்தான். அடையாளம் தெரிந்துகொண்டான். முகத்தில் கோபமும் இல்லை, வேறொன்றும் இல்லை.

“இவர்தான் அந்த டிரைவர்” என்றான் பெண்சாதியிடம்.

அரம் நின்றது. “உண்மையைச் சொன்னவரா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“இல்லம்மா” என்றார் மீட்டர் அவசரமாக. “உங்க வீட்டுக்காரருக்காக நான் சொல்லல. புத்தகத்துல தப்பா எழுதினியான்னு கேட்டாங்க. அதுக்கு ரோஷம் வந்து சொல்லிட்டேன். அதைக் கேக்கலைன்னா கதவுன்னுதான் சொல்லியிருப்பேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.”

சாவிக்காரன் தன் வலது கையை மடியில் மறைத்துக்கொண்டான். “தெரியும்” என்றான். “எழுதினதை எனக்கும் படிச்சுக் காட்டுனாங்க.”

மீட்டர் மன்னிப்புக் கேட்க நினைத்தார். கேட்டால் அவன் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அவனுக்கு அந்த வேலையையும் கொடுக்க மீட்டருக்கு மனசு வரவில்லை.

“அண்ணே” என்றாள் அவள். குரலில் வெறுப்பு இல்லை, வேலை இருந்தது. “வெளிச்சத்தை மறைக்கிறீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க.”

மீட்டர் தள்ளி நின்றார்.