பெனிற்றா போகாத கிராமம்

கஸ்பருக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை. மனைவி தவறி ஐந்து வருடம். ஒரே மகள் பெனிற்றாவுக்கு லண்டனில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லை. ருமேனியாவில், க்ளூஜ் நகரத்தில் கிடைத்தது. அவள் போனபிறகு ஹவுன்ஸ்லோ வீட்டில் அவர் தனி. வேலையால் வந்ததும் முதலில் டிவியைப் போடுவார். பார்ப்பதற்கில்லை, வீட்டுக்குள் யாராவது கதைக்கிற சத்தம் வேண்டும்.

மகள் போனில் நல்லதையே சொல்வாள். சின்ன வகுப்பு, பேராசிரியருக்கே தன் பெயர் தெரியும், எட்டு நாட்டுப் பிள்ளைகள் ஒரே குசினியில் சமைக்கிறார்கள், பனி கொட்டினால் ஊரே அழகு. கஸ்பரும் நல்லதையே சொல்வார். அவளுடைய மூன்றாம் வருடத்து ஈஸ்டருக்கு, லண்டனின் மறுகோடியில், எட்மண்டனில் தம்பி வீட்டில் நிற்பதாகச் சொன்னார். ருமேனியர்களுக்கு அவர்களுடைய சபை நாட்காட்டிப்படி ஈஸ்டர் அடுத்த ஞாயிறு. அறைத் தோழியோடு அவளுடைய கிராமத்துக்குப் போவதாகப் பெனிற்றா சொன்னாள்.

அந்த ருமேனிய ஈஸ்டர் ஞாயிறு புக்கரெஸ்ட் விமானத்தில் வந்த ஒரு அம்மாவைக் கஸ்பர் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். மகள் சொல்லிக்கொடுத்திருந்த ஒரேயொரு ருமேனியச் சொல்லை, "முல்ட்சுமெஸ்க்" என்ற நன்றியை, சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பையைத் துழாவி, சிவப்புச் சாயம் போட்ட ஈஸ்டர் முட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

இடைவேளையில், அதைக் காட்டவென்று மகளுக்கு வீடியோ கோல் எடுத்தார். பெனிற்றா விடுதிக் கட்டிலில் இருந்தாள். தலை வாரியிருக்கவில்லை.

"கிராமத்துக்குப் போகேல்லையோ பிள்ளை?"

அவள் அழத் தொடங்கினாள். "அவள் கூப்பிட்டவள்தான் அப்பா. போனால் படிப்பைப் பற்றிக் கேட்பினம். நான் பாஸ் பண்ணேல்லை."

மாசியில் நடந்த சோதனை. படிப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் நோயாளியிடம் ருமேனிய மொழியில் விசாரிக்க வேண்டும். கட்டிலில் கிடந்த கிழவர் ஏதோ கேட்டார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"இந்த மாடியிலை இப்ப நான் மட்டும்தான் அப்பா. கடையும் பூட்டு. மூன்று நாளாய் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை."

"திரும்பி வாறியோ?"

"இல்லை. படிப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. தனிமைதான் ஏலாமல் கிடக்கு."

கஸ்பர் முட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, "நானும் போன ஞாயிறு எட்மண்டனுக்குப் போகேல்லை," என்றார். "தம்பி கூப்பிட்டவன். வீட்டிலைதான் கிடந்தனான்."

"ஏன் அப்பா?"

"எல்லாரும் குடும்பமாய் இருக்கிற இடத்திலை போய் என்ன செய்யிறது?"

அன்றுமுதல் அவர் சமைக்கும்போது போன் குசினி மேசையில் சாய்ந்திருக்கும். அந்தப்பக்கம் அவள் ருமேனியச் சொற்களை வாய்விட்டுப் படிப்பாள். பல நாட்களில் இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை.

புரட்டாதியில் மறுசோதனையில் தேறினாள். கார்த்திகையில் கஸ்பர் நாலு நாள் லீவு போட்டு க்ளூஜ் போனார். பகல் முழுக்க அவளுக்கு ஆஸ்பத்திரி. அவர் அறையிலிருந்து ஜன்னலால் ட்ராம் போவதைப் பார்த்தார், அவளுடைய குளிர்ச்சட்டைக்குப் பொத்தான் தைத்தார். பின்னேரம் அவள் வந்ததும் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். கடைசி நாள், ஒரு நோயாளி தன்னை "டாக்டர்" என்று கூப்பிட்டதாகச் சொன்னாள்.

ஹவுன்ஸ்லோ வந்து கதவைத் திறந்தபோது வீடு குளிர்ந்து கிடந்தது. படிப்பு முடிய இன்னும் இரண்டரை வருடம். ஹீட்டரைப் போட்டுவிட்டு, வந்து சேர்ந்ததாக மகளுக்கு மெசேஜ் அனுப்பினார். அவள் வகுப்பில் இருந்திருக்க வேண்டும், பதில் வரவில்லை.