அத்தானின் காரும் என் கோல்ஃப் வலையும்

நாற்பத்தொன்பது வயதில் நான் கோல்ஃப் ஆடப் பழகினேன். வங்கியில் எங்கள் கிளை ஊழியர்களை ஒருநாள் திகன ஊரைத் தாண்டியிருக்கிற கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பந்தை அடித்தோம். என்னுடையது மட்டும் எழும்பிப் பறந்து, தூரத்தில் போய் விழுந்தது. பழக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னொன்னு அடிங்க மிஸ்" என்றார். அந்த வாரமே சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் குண்டசாலையில் மத்தியானம் இருட்டினால் விடிய விடியக் கொட்டும். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வகுப்பு நடக்கவில்லை. "வீட்டில ஒரு வலை கட்டிக்கொண்டு அடிங்க, இல்லாட்டி கை மறந்துபோகும்" என்று பழக்குநர் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குத் தோதான இடம் ஒன்றுதான், கராஜ்.

அந்தக் கராஜில் என் கணவரின் அண்ணன் கார் நின்றது. அத்தான் கொழும்புக்குக் குடிபோகும்போது "ரெண்டு மாசத்துக்கு நிக்கட்டும்" என்று விட்டுப்போன பழைய ஜப்பான் கார். நாலு வருசமாகியும் எடுக்கவில்லை. இப்போது நாலு டயரும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன. எங்கள் சொந்தக் கார் வெளியே மழையில் நனைந்தது. நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் ஒன்று எனக்கு மறக்கவில்லை. என் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது, கராஜுக்குள் கிரிக்கெட் பழக வேண்டும் என்றான். அன்றைக்கே அத்தான் கொழும்பிலிருந்து வந்து, தானே பின்னால் நின்று காரைத் தள்ளி வெளியே விட்டார். "பொடியன் விளையாடட்டும்" என்றார். மகன் வேலைக்குப் போனதும் கார் மறுபடி உள்ளே வந்தது.

அதே அத்தானுக்கு இப்போது நான் போன் எடுத்தேன்.

"அத்தான், காரைக் கொஞ்சம் எடுக்க முடியுமா? நான் கோல்ஃப் பழகப் போறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "கோல்ஃபா? இந்த வயசுலயா? வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

காலையில் எழும்பிச் சமைத்துவிட்டு, எட்டரைக்கு வங்கியில் இருந்து, ஆறு மணிக்குத் திரும்பி மறுபடி சமைக்கிறவளிடம் கேட்ட கேள்வி. "முடிஞ்சுது அத்தான்" என்று மட்டும் சொன்னேன். பிறகு இன்னும் இரண்டு தரம் அவருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

ஒரு ஞாயிறு நானும் கணவரும் பக்கத்து வீட்டு ஆட்கள் இருவருமாக அந்தக் காரின் டயர்களுக்குக் காற்றடித்துத் தள்ளி, வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் வளவின் மூலையில் விட்டோம். மழை படாமல் தார்ப்பாய் போட்டு, கல்லும் வைத்தேன்.

மகனின் கிரிக்கெட் வலையைத்தான் முதலில் கட்டினோம். கோல்ஃப் பந்து சிறியது. முதல் பந்தே வலைக்கண்ணுக்குள் புகுந்து போய்ப் பின்சுவரில் இருந்த தகர வாளியை நசுக்கியது. மடவளையில் வலை விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான முஸ்லிம் நானா. கோல்ஃப் பந்து அடிக்கிற வலை யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பந்து என்ன வேகத்தில வரும் மகள்?"

"நல்ல வேகமா வரும்."

"அப்ப இந்த மீன் வலைய ரெண்டு மடிப்பாப் போடுங்க. இறுக்கிக் கட்ட வேணாம், தொய்வா விடுங்க. பந்து அதில செத்து விழும்."

அவர் சொன்னபடியே செய்தோம். கணவர் கதிரையில் ஏறி நின்று, கூரை மரத்தில் கொக்கி அடித்தார். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வலை தொங்கியது. பின்னால் பழைய மெத்தை, காலடியில் தேங்காய்த் தும்புப் பாய். நீளமான மட்டையை ஓங்கினால் கூரையில் இடித்தது. அதனால் குட்டை மட்டையால் மட்டுமே அடித்தேன். வேலை விட்டு வந்து தினமும் ஐம்பது பந்து. கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் நான் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்காது.

கணவர் இரண்டு நாளைக்கு ஒருதரம் வந்து வலையை இழுத்துச் சரிபார்ப்பார். எனக்கு எவ்வளவு சந்தோசம்!

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் அத்தான் சொல்லாமல் வந்து இறங்கினார். தார்ப்பாயைப் பார்த்தார். கராஜுக்குள் மட்டையோடு நின்ற என்னைப் பார்த்தார். என்னிடம் பேசவில்லை. தம்பியிடம் கேட்டார்.

"யார்ட்டடா கேட்டு என் காரை வெளிய போட்டே?"

கணவர் தலையைச் சொறிந்தார். "வேணாம்னு நான் சொன்னேன் அண்ணே. அவதான் கேக்கல."

தள்ளும்போது முன்னால் நின்று ஸ்டியரிங் பிடித்த மனுசன் அவர். கொக்கி அடித்த கை அவருடையது. அத்தானின் சிரிப்பு என்னைச் சுட்டது உண்மைதான். ஆனால் இந்த ஒரு வாக்கியம் போட்ட சூடு வேறு.

"அத்தான்" என்றேன். "மூணு தரம் உங்களுக்குப் போன் எடுத்தேன். மகன் கேட்டப்ப நீங்களே வந்து தள்ளினீங்க. நான் கேட்டா மட்டும் ஏன் சிரிப்பு வருது?"

அவர் வந்த வழியே கிளம்பினார். அடுத்த வாரம் ஆள் அனுப்பிக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தான் வந்துபோன அன்றிலிருந்து கணவரோடு நான் மூன்று நாள் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய்விடுவேன். நான்காம் நாள் நான் அடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து, என் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணே, காரை வெளிய தள்ளினது நானும்தான். அவ மேல பழி போட்டது என் பிழை."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். கணவர் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைச் சொல்ல மூன்று நாள் எதற்கு? அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

தை மாதம் மழை விட்டதும் மைதானத்துக்குப் போனேன். கை மறந்திருக்கவில்லை. சித்திரைக்குப் பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்.

"உங்க அத்தானோட காரை ரோட்டுல தள்ளிவிட்டது நீங்கதானா?"

"ரோட்டுல இல்ல. எங்க வளவுக்குள்ள. தார்ப்பாயும் போட்டுத்தான் வச்சிருந்தேன்" என்றேன், அடுத்த வரிசைக்கும் கேட்கிற மாதிரி.