முப்பத்தாறாவது கார்

முப்பத்தாறு கார்களுக்குத் தரமில்லாத பிரேக் ஹோஸ் பூட்டச் சொன்னவன் நான். சபையாரே, இந்தச் சாட்சியை வேறு எங்கிருந்து தொடங்கினாலும் அது பாதிப் பொய்யாகிவிடும். அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் ஜெயசீலன். மனைவி ராஜியோடு வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொழும்புக்கு வெளியே உள்ள ஒரு கார்த் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக எஞ்சினியர். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றிலிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். நாங்கள் அவற்றைப் பூட்டி, பெயிண்ட் அடித்து, ஓட்டிப் பார்த்து விற்போம். சிறிய கார்தான். ஆனால் இங்கே பூட்டியது என்று எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது.

நாட்டில் நெருக்கடி வந்த கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசையில் நீங்களும் நின்றீர்கள். எங்களுக்குப் பெட்டிகள் ஒழுங்காக வருவது நின்றது. ஒரு மாதம் கதவு வரும், கண்ணாடி வராது. அடுத்த மாதம் கண்ணாடி வரும், வயர் வராது. அரைகுறைக் கார்கள் முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றன. எங்கள் பொது முகாமையாளர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அதைக்கூட ஈமெயிலில்தான் அறிவித்தார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். எழுபது வயதைத் தாண்டிய சிங்களவர். அதிகம் பேசாதவர். "இனி நீர்தான் பார்க்கவேணும். இதைக் காப்பாற்றித் தாரும்" என்று சிங்களத்தில் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, கர்த்தர் என்னை உயர்த்தினார் என்று சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

மூன்று மாதத்துக்குள் பிரேக் ஹோஸ் முடிந்துவிட்டது. பிரேக் ஒயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் றப்பர்க் குழாய் அது. ஒரு முழம்கூட இல்லை. புறக்கோட்டை வியாபாரி ஒருவர் அதே அளவில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தது. வாங்கினேன்.

தரப் பரிசோதனையில் செல்வராணி என்று ஒருவர் வேலை செய்தார். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டிலிருந்து வேலைக்கு வருவார். அவர் அந்த ஹோஸை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"சேர், இதுக்கு நான் சைன் வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"மடக்கிப் பாருங்க. வெடிப்பு தெரியுது. ஆறு மாசங்கூட தாங்காது."

"செல்வராணி, கார் பூட்டுற லைன் நிண்டால் நூற்றெண்பது பேர் வீட்டுக்குப் போகவேணும். அதை யோசிச்சனீங்களோ?"

"அதுக்காக காசு கொடுத்து வாங்குறவங்க சாகணுமா சேர்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால் வந்த கோபம். நானே கையெழுத்து வைத்தேன். பதிவில் வழக்கமான ஹோஸ் என்றே எழுத வைத்தேன். மறுநாள் அவரைக் களஞ்சிய அறைக்கு மாற்றினேன்.

லைன் ஓடியது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை, நொறுங்கிய கார் ஒன்றை லொறியில் ஏற்றிவந்து எங்கள் முற்றத்தில் இறக்கினார்கள். நுகேகொடையில் இருக்கும் ஒரு ஆசிரியை ஓட்டிவந்த கார். கௌரி என்று பெயர். கண்டியிலிருந்து தனியாகத் திரும்பும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்தில் விழாமல் காரை மலைப்பக்கம் திருப்பி மோதியிருக்கிறார். உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போனது.

நான் குனிந்து பார்த்தேன். முன்பக்க ஹோஸ் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

அன்று நான் செய்த ஜெபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லவேண்டும். "ஆண்டவரே, இது வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும்." அதுதான் என் ஜெபம். அந்த அம்மாவின் காலுக்காக நான் ஜெபிக்கவில்லை. மற்றக் கார்களில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கவில்லை. காப்புறுதிக்காரர் காரணம் கேட்டபோது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

பதினொரு நாள் அப்படி இருந்தேன். வீதியில் எங்கள் கார் ஒன்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் பயம்.

ராஜி கேட்டாள். "என்னப்பா, உங்களுக்கு என்ன நடந்தது? என்னட்டையும் சொல்லேலாதோ?"

"கம்பனிப் பிரச்சினை. உமக்கு விளங்காது" என்றேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

பதினோராம் நாள், புதன்கிழமை மாலை ஜெபக் கூட்டத்துக்கு வந்தேன். வராமல் விட்டால் கேட்பீர்கள் என்பதற்காக வந்தேன். நம்முடைய சகோதரி ஒருவர் எனக்காக ஜெபித்தார். கம்பனியை நேர்மையாக நடத்தும் எங்கள் சகோதரனை ஆசீர்வதியும் என்றார். நேர்மை என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வெளியே போனேன். எனக்குத் தலைச்சுற்று என்று நீங்கள் நினைத்தீர்கள்.

கடற்கரைப் பக்கம் போனேன். பொழுது படும் நேரம். ரயில் பாதையோரக் கல்லில் குந்தினேன். எனக்கு அழகாக ஜெபிக்கத் தெரியும், நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அன்று ஒரு சொல்லும் வரவில்லை. "நான்தான் செய்தேன்" என்று மட்டும் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு, "சொல்லத் தைரியம் தாரும். வேறொன்றும் வேண்டாம்" என்று கேட்டேன்.

வானம் திறக்கவில்லை. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மொறட்டுவைப் பக்கம் போகும் ரயில் நிறையச் சனத்தோடு கடந்து போனது. ஆனால் என் கை பொக்கெற்றுக்குள் போய் போனை எடுத்தது. செல்வராணிக்கு அடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கார்களை எல்லாம் திருப்பி எடுக்கவேணும், செல்வராணி. ஆனால் எது எதுக்குப் பூட்டினது எண்டு பதிவில இல்லை. நான்தான் இல்லாமல் செய்தனான்."

"எங்கிட்ட இருக்கு சேர்."

"என்ன இருக்கு?"

"அந்த முப்பத்தாறு வண்டி நம்பரும். ஸ்டோருக்குப் போன பெறகும் டெய்லி பாத்து எழுதி வச்சேன். என்னைக்காச்சும் யாராச்சும் கேப்பாங்கன்னு தெரியும்."

நான் தண்டித்து அனுப்பிய பெண், எனக்குத் தேவைப்படப்போவதை ஐந்து மாதமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே கர்த்தர் பதிலை ஆயத்தம் செய்திருந்தார் என்று நான் நம்புவது இதனால்தான். அந்தக் கல்லில் இருந்து அழுதேன்.

வீட்டுக்குப் போய் ராஜியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்த ரீச்சரைப் போய்ப் பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை முதலாளியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர், "கம்பனியைக் காப்பாற்றச் சொன்னேன். மூடச் சொல்லவில்லை" என்றார். ஜன்னலால் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே, "எல்லாக் காரையும் திருப்பி எடும். எடுத்து முடித்ததும் இந்தக் கதிரையை விட்டு எழும்பும்" என்றார். சரி என்றேன்.

சொந்தக்காரர் எல்லோருக்கும் என் பெயரிலேயே கடிதம் போனது. போனிலும் கூப்பிட்டோம். பலர் ஏசினார்கள். புது ஹோஸ் வெளிநாட்டிலிருந்து வர நாளாகும். முற்றத்தில் நின்ற அரைகுறைக் கார்களில் பழைய நல்ல ஹோஸ்கள் இருந்தன. அவற்றைக் கழற்றினோம். லைனில் நின்றவர்கள் தாங்கள் பூட்டியதைத் தாங்களே கழற்றினார்கள். நான் பக்கத்தால் போனபோது ஒருவர் நிலத்தில் துப்பினார். அதுவும் எனக்குத் தேவைதான்.

கௌரி ரீச்சரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். காலில் கம்பி ஏற்றியிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். காப்புறுதிக்காரருக்கு உண்மையை எழுதிக் கொடுத்த கடிதத்தின் பிரதியையும் கட்டிலில் வைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் பிரேக்கைப் பிழையா மிதிச்சிட்டன் எண்டு இத்தனை நாளும் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்" என்றார். "நீங்கள் போங்கோ."

இரண்டு கிழமையில் முப்பத்துநான்கு கார்கள் வந்துவிட்டன. ரீச்சரின் காரோடு முப்பத்தைந்து. ஒன்று மட்டும் இல்லை.

அதை முதலில் வாங்கியவர் விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார். பெயர் மாற்றிப் பதியவில்லை. இடையில் நின்ற தரகருக்கு ஞாபகம் இருந்தது கொஞ்சம்தான். நீலக் கார். வாங்கியவர் மாளிகாவத்தைப் பக்கம். புடவைக் கடையில் வேலை.

செல்வராணியும் நானும் தேடினோம். மாளிகாவத்தையில் எத்தனை மாடிக் குடியிருப்புகள், எத்தனை ஒழுங்கைகள் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாள் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து சனம் வெளியே வந்தது. ஒவ்வொருவராகக் கேட்டோம். மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் ஒதுங்கினோம். கண்ணை மூடினேன். "ஆண்டவரே, என்னைத் தண்டியும். அந்த வீட்டாரை விட்டுவிடும்." கனநேரம் ஜெபிக்கவில்லை. அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது கடைக்கார அம்மா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தேடுறீங்க? நேத்தும் இந்தப் பக்கம் ஒங்களக் கண்டேனே."

நீலக் கார் என்றோம். புடவைக் கடை என்றோம்.

"அது நஸார் நானாட காராயிருக்கும். பின் பக்கத்து மாடி பிளட்டுக்குப் போங்க, கெதியாப் போங்க. அவங்க பண்டாரவளைக்கிப் போகப் போறாங்க. இப்பதான் மாசி சம்பல் வாங்கிட்டுப் போறாரு."

ஓடினோம். கார் நின்றது. டிக்கி திறந்து கிடந்தது. பைகள் ஏற்றியாயிற்று. பின் சீற்றில் மூன்று பிள்ளைகள். முன்னால் தாய். நஸார் சாவியோடு நின்றார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவர் நம்பவில்லை.

"என்ன செல்றீங்க? தெனமும் ஓட்டுற வண்டி. புள்ளைகள் ஒரு மாசமா இந்தப் பயணத்துக்குக் காத்துட்டிருக்கு. தள்ளுங்க."

நான் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் செல்வராணி ஈர நிலத்தில் படுத்துச் சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டுவிட்டார். எழும்பி விரல்களைக் காட்டினார். ஒயில் பளபளத்தது.

"ஹோஸ் ஊதிப் போயிருக்கு அண்ணே. ஒழுக ஆரம்பிச்சிருச்சு. தண்ணி இல்ல, மோந்து பாருங்க."

காருக்குள் இருந்து மனைவி மெல்லச் சொன்னார். "நான் சென்னேனே, பிரேக் கீழ போகுதுண்டு."

நஸார் விரலை முகர்ந்து பார்த்தார். பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஓதினார். பண்டாரவளைக்குப் போகும் வழியில் எத்தனை இறக்கம், எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும். இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்பதை நான் யோசித்து முடிப்பதில்லை. முடிக்கப் பயம்.

அந்தக் காரைத் திருத்திக் கொடுத்த அன்றே கதிரையை விட்டு எழுந்தேன். நல்ல பிரேக் ஹோஸ் இல்லாமல் தொழிற்சாலை ஏழு மாதம் மூடிக் கிடந்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. அதுவும் என் கணக்கில்தான். பாகங்கள் அனுப்பும் வெளிநாட்டுக் கம்பனி, ஒப்பந்தத்தை நிறுத்தும் எண்ணத்தோடு இரண்டு பேரை அனுப்பியது. அவர்கள் மூன்று நாள் இருந்தார்கள். செல்வராணியின் பட்டியலையும், ஒவ்வொரு காரும் திரும்பி வந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். போகும்போது, சொல்லாமல் விட்டிருந்தால் நிறுத்தியிருப்போம், தொடரலாம் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை லைன் மறுபடி ஓடியது. பாதி ஆட்களோடு, மெதுவாக.

இப்போது வேறொருவர் தலைமை. நல்லவர். செல்வராணி தரப் பிரிவுக்குப் பொறுப்பு. அவர் கையைத் தூக்கினால் லைன் நிற்கும், முதலாளியே வந்து கேட்டாலும் ஓடாது. நான் பழையபடி எஞ்சினியர். என் வேலையை அவர்தான் பரிசோதிக்கிறார். இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். முன்பென்றால் முகம் சிவந்திருக்கும். இப்போது திருத்திக் கொடுக்கிறேன்.

எல்லா ஜெபமும் கேட்கப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். கௌரி ரீச்சர் தடி ஊன்றித்தான் நடக்கிறார். மாதமொருமுறை நானும் ராஜியும் நுகேகொடைக்குப் போகிறோம். முதல் மூன்று தடவை கதவு திறக்கவில்லை. நாலாம் தடவை தேத்தண்ணி தந்தார்.

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரேல்ல. பொய் சொல்லக்கூடாது தானே?" என்றார்.

"ஓம், ரீச்சர்" என்றேன்.

அவருடைய காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது, மூடி மறைத்த ஒன்று நெஞ்சில் கிடந்து அழுத்தினால், அது வெளியே வரக்கூடாது என்று ஜெபிக்காதீர்கள். நான் பதினொரு நாள் ஜெபித்துப் பார்த்தவன். நடந்ததை நடந்தபடி அவரிடம் சொல்லுங்கள். அழகான வார்த்தை வேண்டாம். பிறகு எழுந்து, யாரிடம் சொல்லவேண்டுமோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கதவு திறக்கலாம், திறக்காமலும் விடலாம். ஆனால் அந்த வாசலில் நீங்கள் தனியாக நிற்கமாட்டீர்கள். நான் தனியாக நிற்கவில்லை.