சொல்தாவின் மூன்றாவது குண்டு

மூலக்குளத்தில் இருக்கும் என் பிசியோதெரபி அறையின் மேசையில், எண்ணெய்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில், ஓர் இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கும். சாத்துக்குடி அளவுதான், ஆனால் நல்ல கனம். புதிதாக வருகிறவர்கள், “இத வச்சுதான் கால்ல உருட்டுவீங்களா மேடம்?” என்று பயந்துகொண்டே கேட்பார்கள். ஐயோ, இல்லவே இல்லை என்று அவசரமாகச் சொல்வேன். அதை வைத்து உருட்டியவர் ஒருவர் உண்டு. அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம் வரும், பிறகுதான் சிரிப்பு.

அவரைத் தெருவே சொல்தா என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். சாரம் பகுதியில் வீடு. சனி, ஞாயிறு வந்தால் பெத்தாங் ஆட்டம். தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கமாக இரும்புக் குண்டுகளை வீச வேண்டும். ஆளுக்கு மூன்று குண்டு. மற்றவர்கள் நின்றுகொண்டு வீச, இவர் மட்டும் குந்தி உட்கார்ந்து வீசுவார். பல வருடத்துச் சர்க்கரை நோயில் கெண்டைக்கால் சதை இறுகிப்போய், ஒருநாள் குந்தும்போது குதிகால் தரையில் பதியாமல் கூட்டாளிகள் முன்னால் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டார். மறுநாளே அவர் மனைவி அவரை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. குந்தி வீசணும், அவ்ளோதான்” என்றார் சொல்தா. மாத்திரையும் நடையும் செய்கிற வேலையை என் கை செய்யாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி மெல்ல நீவிவிடுவேன். சதை கொஞ்சம் இளகியதும் பிசைந்துவிடுவேன். கடைசியில் சுவரைப் பிடித்து நின்று காலை நீட்டச் சொல்வேன். “இன்னும் நல்லா அமுக்கும்மா, நான் மிலித்தேர்ல, பட்டாளத்துல இருந்தவன்” என்பார். நான் அமுக்க மாட்டேன். ஏனென்றால் சர்க்கரையில் உணர்ச்சி மரத்துப்போன அவர் பாதம் சொல்வதை நம்ப முடியாது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் பாதத்தைத் தொட்டு, தெரியுதா என்று கேட்பேன். “தெரியுது!” என்று ராணுவ அணிவகுப்பில் பதில் சொல்வது போலக் கத்துவார். நான் தொடாமலே கேட்டாலும் அதே பதில்தான். அதனால்தான் வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது, வேண்டுமானால் டென்னிஸ் பந்தைப் பாதத்தின் கீழ் உருட்டுங்கள் என்று கண்டித்துச் சொல்லியிருந்தேன்.

டென்னிஸ் பந்து சின்னப் பிள்ளைகளுக்கு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். யாருக்கும் தெரியாமல் தன் பெத்தாங் குண்டு ஒன்றைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டெடுத்து, தினமும் காலையில் உருட்டியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை நான் காலுறையைக் கழற்றியபோது, வலது பாதத்தில் பெரிய கொப்புளம். “வலிக்கவே இல்லையே!” என்று பெருமையாகச் சொன்னார். வலிக்காததுதான் பயமே. முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு கொப்புளத்தோடு வந்து, காலை இழந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். “கால எடுத்துடுவாங்களாம்மா?” என்று கூட வந்திருந்த அவர் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

அதன் பிறகு வாரக்கணக்கில் கட்டு, மருந்து, காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்ற கட்டளை. அந்தக் காலில் நான் கை வைக்கவில்லை. புண் ஆறுவதாகத் தெரியும், மறுபடி முரண்டு பிடிக்கும். கடைசியில் ஒருநாள் டாக்டர் கட்டைப் பிரித்து, “நல்லா மூடிடுச்சு, இனி பயமில்ல” என்றார். சொல்தா அவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவ்வளவு நிம்மதி.

மறுநாள் அவர் மனைவி அந்தக் குண்டைத் துணிப்பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. வீட்ல இருந்தா மறுபடியும் வெந்நீர்ல போட்ருவாரு.” சொல்தாவுக்கு ஏகப்பட்ட கோபம். ரெண்டு குண்டோடு எப்படி ஆடுவது? அப்போது ஏற்பட்டதுதான் இந்த ஒப்பந்தம். சனிக்கிழமை வந்து செருப்பைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் காட்ட வேண்டும். நான் விரலிடுக்கு வரை பார்த்து, காலை நீவிவிட்ட பிறகு குண்டு கிடைக்கும். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இன்றும் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் குதிகால் தரையில் பதிகிறது, குந்திக் காட்டினார். பாதங்கள் சுத்தமாக இருந்தன. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன். தெரியுதா ஐயா என்றேன். முன்பு போல உடனே கத்தவில்லை.

“தெரியலம்மா” என்று முதல் முறையாக உண்மையைச் சொன்னார்.

நான் மேசையிலிருந்த குண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.