ஆயுத பூஜைச் சோறு

ஒரு மாடும் நாலு ஆடும் கொஞ்சம் கோழிகளும் இருக்கிற வீட்டில் யாரும் முழுதாக உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. தட்டில் கை வைத்தால், வாசலில் காயப்போட்ட ராகியில் கோழி இறங்கியிருக்கும். அதை விரட்டிவிட்டு வந்தால், ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போயிருக்கும். எங்கள் நிலம் ஓசூரிலிருந்து சூளகிரி போகிற பெரிய ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே இருந்தது. லாரி ஹாரன் கேட்டாலே எனக்கு முதலில் ஆடுகள்தான் நினைவுக்கு வரும், அப்புறம்தான் பெற்ற பிள்ளைகள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ரோட்டைப் பார்க்கத் தெரியும், ஆட்டுக்குத் தெரியாதே.

பயப்படுவது என் சுபாவம். ஒன்றும் நடக்காத நாளில்தான் அதிகமாகப் பயம் வரும். ஆறாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். இன்னும் நாலு வகுப்பு படித்திருந்தால் இந்தப் பயம் குறைந்திருக்குமோ என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் டிரெய்னிங் வரை படித்த என் தங்கை பல்லிக்குப் பயந்து குளிக்கப் போகாமல் இருப்பதைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வளர்ப்பதில் சந்தோஷம் இல்லையா என்றால், உண்டு. அது நாம் எதிர்பார்க்கும்போது வராது. சாணி அள்ளி, தண்ணீர் சுமந்து, தீவனம் அறுத்து, இடுப்பு இரண்டாக உடைகிற நேரத்தில், பிறந்து மூன்று நாளான குட்டி எந்தக் காரணமும் இல்லாமல் நாலு காலையும் ஒரே சமயத்தில் தூக்கிக் குதிக்கும். எதற்குக் குதித்தோம் என்று அதற்கே தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் இடுப்பு வலி இருக்காது. அவ்வளவுதான். அப்புறம் குனிந்தால் திரும்ப வலிக்கும்.

நான் சொல்ல வந்தது எங்கள் கிடேரியைப் பற்றி. எண்பதுகளின் நடுவில், சீமைக் கலப்பு மாடுகள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்த சமயம். வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு தெலுங்கு வீட்டில் இருந்து அதைக் கன்றாக ஓட்டிவந்தோம். கறுப்பும் வெள்ளையும். நெற்றியில் மாத்திரம் யாரோ சுண்ணாம்பு தடவிய மாதிரி ஒரு திட்டு. தமிழில் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது. "ரா தல்லி" என்றால் ஓடிவரும். அதற்காகவே என் மாமியார் உட்பட வீட்டில் எல்லோரும் நாலு வார்த்தை தெலுங்கு கற்றுக்கொண்டோம். மூன்று வருஷம் அது தின்றதே தவிர எங்களுக்கு ஒன்றும் தரவில்லை. ஆனால் நான் தண்ணீர் காட்டப் போகும்போதெல்லாம் என் முழங்கையை நக்கும். வியர்வை உப்புக்காகத்தான் நக்குகிறது என்று தெரியும். உப்புத்தாள் தேய்த்த மாதிரி தோல் எரியும். இருந்தாலும் கையை இழுத்துக்கொள்ள மனசு வராது.

நாலாவது வருஷம் சினை நின்றது. தலைச்சன். ஏழு மாதம் ஆன சமயத்தில்தான் அந்த ஆயுத பூஜை வந்தது.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஹெல்பராக இருந்தார். சைக்கிளில் போய்வருவார். எங்கள் பக்கத்துக் குடியானவர் வீட்டில் அந்தக் காலத்தில் நெல்லுச் சோறு என்பது பண்டிகைக்கும் விருந்தாளிக்கும்தான். ராகிக் களிதான் தினப்படி. இவருக்கு மட்டும் கம்பெனி கேன்டீனில் தினமும் வெள்ளைச் சோறு. அது அவர் மனசில் ஒரு உறுத்தலாகவே இருந்தது. கேன்டீன்காரரிடம் சொல்லிவைத்து, காய்கறித் தோலும் கழுநீரும் ஒரு டின்னில் வாங்கி, கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். "மாடாச்சும் கம்பெனி சாப்பாடு சாப்பிடட்டும்" என்பார்.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கெல்லாம் என்று பெரிய அளவில் சமைத்திருக்கிறார்கள். அன்று பகல் முழுக்க மழை. பாதிப் பேர் வரவில்லை. மிஞ்சிய சோற்றை இவர் இரண்டு டின்னில் கட்டிக்கொண்டு நனைந்தபடியே வந்தார். இன்னும் சூடு ஆறவில்லை. மல்லிகை மொட்டு மாதிரி சோறு. திறந்ததும் வீடெல்லாம் வாசனை.

நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம். அப்படியும் டின்கள் குறைந்த மாதிரியே தெரியவில்லை. இவர் கிடேரியைக் கழுவி, கொம்புக்கு மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, தொட்டியில் சோற்றைக் கொட்டினார். அது மூச்சு விடாமல் தின்றது.

"போதுங்க, மீதிய நாளைக்கு வெக்கலாம்" என்றேன்.

"நாளைக்கு ஊசிப் போயிடும் புள்ள. பண்டிகையும் அதுவுமா அதுக்கு மட்டும் வைக்கோலா? வாயும் வயிறுமா நிக்குது, தின்னட்டும்."

மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "பொண்டாட்டி வாயும் வயிறுமா இருந்தப்ப ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கியாரத் தெரியல. மாட்டுக்கு ரெண்டு டின்னு சோறு!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். இடி இடித்தால் மாட்டுக்கு நடுக்கம் வருமோ, ஈரத்தில் கால் வழுக்குமோ, குளிப்பாட்டியதில் சளி பிடிக்குமோ என்று ஆயிரம் பயம் எனக்கு இருந்தது. சோற்றுக்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெள்ளைச் சோற்றுக்கு யார் பயப்படுவார்கள்? அது இல்லையே என்றுதானே எங்களுக்குப் பயம்.

காலையில் கொட்டகைக்குப் போனபோது புளித்த மாவு வாசனை அடித்தது. கிடேரி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. சாணி தண்ணீராகப் போயிருந்தது. இடது பக்க வயிறு உருண்டு, தோல் இழுத்துக் கட்டிய மாதிரி இருந்தது. முழங்கையை நீட்டினேன், நக்கவில்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தது. அசை போடவில்லை.

நான் கத்திய கத்தலில் இவரும் மாமியாரும் ஓடிவந்தார்கள். மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். "நேத்து பூவும் பொட்டும் வெச்சு வாசல்ல நிறுத்துனீங்களே, கண்ணு பட்டிருச்சு." நெருப்பில் மிளகாய் நெடி வந்தது. நாங்கள் மூவரும் இருமினோம். மாடு அப்படியே நின்றது.

இவர் மாட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதே சோறத்தானே நாமளும் தின்னோம். நமக்கு ஒண்ணும் ஆகலையே."

மாமியார் நெருப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "பாயக் கூட்டியாரச் சொல்லு. நிக்கறப்பவே குடுத்துடலாம். விழுந்துட்டா குழிதான் வெட்டணும்."

அவர் கல்நெஞ்சுக்காரி இல்லை. இதே கொட்டகையில் செத்த இரண்டு எருமைகளைக் குழி வெட்டிப் புதைத்தவர். ஆனால் மூன்று வருஷம் தண்ணீர் சுமந்த தோள் இது. வயிற்றில் ஒரு கன்று இருக்கிறது. இவர் போய்ப் பாயிடம் சொல்லிவிட்டு வரும் வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாய் ரோட்டோரத்தில் குடியிருந்தார். சந்தைக்கு ஆடு மாடு பிடித்துக் கொண்டுபோகிற வியாபாரி. மொபெட்டில் வந்து இறங்கினார். அதன் முன்னால் எலுமிச்சம்பழமும் சந்தனப் பொட்டும் இருந்ததைப் பார்த்து மாமியார் அந்த நிலைமையிலும் கேட்டார். "இன்னா பாய், நீங்களும் பூஜை போட்டுட்டீங்களா?"

"ரிப்பேருக்கு உட்டிருந்தங்க அம்மா. மெக்கானிக்கு பையன் இதுக்கும் பொட்டு வெச்சுட்டான். நேத்துலருந்து நல்லா ஓடுது, நான் எதுக்கு அழிக்கணும்?"

பிறகு அவர் முகம் மாறியது. மாட்டைச் சுற்றி வந்தார். இடது வயிற்றில் முஷ்டியால் அழுத்தினார். பிசைந்த மாவில் அழுத்திய மாதிரி குழி அப்படியே நின்றது. வால் பக்கம் பார்த்தார்.

"சினையா?"

"ஏழு மாசம்" என்றேன்.

"நான் புடிக்க மாட்டங்க அம்மா. உள்ள ஒரு உசுரு இருக்கறத நாங்க தொடறதில்ல."

"செத்துப்போனா?" என்றார் மாமியார்.

"செத்தா அப்பப் பேசலாம். இப்ப நின்னுட்டுதான இருக்குது. டாக்டரு இன்னிக்கு லீவு, வீட்டுலதான் இருப்பாரு. நான் போய்க் கூட்டியாரன். தங்கச்சி, அது வரைக்கும் படுக்க உடாத, நடத்திக்கிட்டே இரு."

மொபெட் போன பிறகு அந்தச் சேற்றில் நானும் இவரும் மாற்றி மாற்றி அதை நடத்தினோம். நாலடி நடக்கும், நின்றுவிடும். முன்னங்கால் மடியும். "லேய் தல்லி, லேய்" என்று இவர் கெஞ்சுவார், எழுந்திரு அம்மா என்று. அந்த மூன்று வருஷத்தில் எங்களிடம் சேர்ந்திருந்த தெலுங்கு முழுவதையும் அன்று செலவழித்தோம். அது தாகத்தில் தொட்டிப் பக்கமே இழுத்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், நான் தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன்.

டாக்டர் வேட்டியோடு வந்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார்.

"என்ன குடுத்தீங்க?"

மாமியார் இவரைப் பார்த்தார்.

"சோறுங்க சார்" என்றார் இவர்.

"எவ்வளவு?"

"ரெண்டு டின்னு. எங்களுக்குப் போக."

"மாட்டுக்குப் போட்டீங்களா, மண்டபத்துல பந்தி வெச்சீங்களா?" டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அது புல்லுக்கு இருக்கற வயிறுய்யா. சோறு உள்ள போய் புளிச்சு, அந்தப் புளிப்பு ரத்தத்துல ஏறுது. இந்தக் கம்பெனிங்க வந்ததுல இருந்து பண்டிகை முடிஞ்சா எனக்கு இதே வேலையாப் போச்சு."

கழுத்து நரம்பில் பெரிய பாட்டில் மருந்து ஏற்றினார். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய் நின்றார். டாக்டர் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயால் வாயில் ஊற்றச் சொன்னார். அசை போடும் வரை தொட்டித் தண்ணீர் காட்டவே கூடாது என்றார். போகும்போது என்னைப் பார்த்து, "பொழுது சாயறதுக்குள்ள அசை போட்டுச்சுன்னா மாடு பிழைச்சுக்கும்" என்றார்.

"கன்னுக்குட்டி சார்?"

"முதல்ல மாட்டப் பாருங்கம்மா."

மாட்டைப் பாருங்கள் என்றால் எனக்குக் கன்றைப் பற்றித்தான் நினைக்கத் தோன்றும். மதியம் முழுக்க நடத்தினோம், சோடா ஊற்றினோம், திரும்ப நடத்தினோம். அடுப்பு பற்றவைக்கவில்லை, பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டார்கள். ஆடுகள் பட்டியில் கத்திக்கொண்டே இருந்தன. மாமியார் தழை ஒடித்துப் போட்டுவிட்டு வந்து மாட்டின் வயிற்றை வைக்கோலால் தேய்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். விற்றுவிடலாம் என்று அப்புறம் அவர் சொல்லவில்லை. நேற்று பூசிய மஞ்சள் கொம்பிலிருந்து அவர் கையெல்லாம் ஒட்டியிருந்தது. இவர் டின் அடியில் மீந்த சோற்றைக் கொண்டுபோய் ஒரு குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மிதித்தார், பகையாளியைப் புதைக்கிற மாதிரி.

வெயில் இறங்கியபோது அது பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. புளித்த காற்று முகத்தில் அடித்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் அதன் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில்கூட யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கழுத்தில் ஏதோ ஒன்று கீழிருந்து மேலே ஏறுவது தெரிந்தது. தாடை ஒரு பக்கமாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"போடுது" என்றார் மாமியார். சொல்லிவிட்டு அப்படியே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உட்கார முடியவில்லை. வாளியில் கொஞ்சமாகக் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக் காட்டினேன். சினை மாடு குளிர்ந்த தண்ணீர் குடித்தால் உள்ளே கன்று உதைக்கும். வலது பக்க அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. கையை மாற்றி வைத்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கையில் தெரிந்தது. கன்று போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து ஏதோ ஒன்று, யாரோ முழங்காலால் இடித்த மாதிரி, என் கையைத் தள்ளியது. இன்னொரு தரமும் தள்ளியது.

இவர் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒதைச்சுதா?"

"ஒதைச்சுது."

"அப்புறம் ஏன் மூஞ்ச இப்டி வெச்சிருக்கற?"

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குதே" என்றேன்.

காலையிலிருந்து முகம் இறுகிக் கிடந்த மனுஷன் அப்போது சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்தார். கிடேரி அசை போடுவதை நிறுத்தி, திரும்பி அவரைப் பார்த்தது. "ஐயோ, சிரிக்காதீங்க, நிறுத்திடுச்சு பாருங்க!" என்று நான் அவர் வாயைப் பொத்த ஓடினேன்.